வேரில் இருக்கிற சிறுவாடு
(வாசகர் கேள்வி - பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எரிந்த நிலத்தைப் பற்றியவை. மாசி பிறந்து மழை இல்லாமல் காற்று மட்டும் அடிக்க ஆரம்பித்தால் மீஞ்சூருக்கு வடக்கே எங்கேயாவது புகை தெரியும். அதனால் மாடித் தோட்டக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, தீயும் வறட்சியும் பார்த்த நிலங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா, தாத்தா இருவருக்கும் விறகுத் தொட்டிதான் தொழில். பக்கிங்காம் கால்வாயில் படகு ஓடிய காலத்தில் ஸ்ரீஹரிகோட்டா பக்கமிருந்து சென்னைக்கு வந்த விறகைத் தாத்தா பேசின் பிரிட்ஜில் இறக்கியிருக்கிறார். கட்டையைத் தூக்கிப் பார்த்தே என்ன மரம் என்று சொல்லும் வீடு எங்களுடையது. பழவேற்காடு போகும் வழியில் அப்பா சவுக்குக்காக வாங்கிய ஒன்றரை ஏக்கர்தான் இப்போது என் பாடப்புத்தகம்.

அக்கா, பொன்னேரிக்குக் கிழக்கே எங்கள் அப்பா வாங்கிப் போட்ட இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. நாலு வருடமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. போன மாதம் தீப்பிடித்து முழுக்கக் கருகிவிட்டது. ஒரு செடிகூட மிச்சமில்லை. ஜேசிபி விட்டு வழித்துவிட்டு, சவுக்கோ தைல மரமோ வை என்கிறார் மச்சான். வண்டிக்கு முன்பணம் கொடுக்கலாமா?
*தண்டையார்பேட்டை வாசகர்*

கொடுக்காதீர்கள் தம்பி. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் அந்த வண்டியை வேறு யாருக்காவது அனுப்பச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று முழுசாகப் பெய்து முடியும்வரை அந்த நிலத்தில் இரும்பு இறங்கக் கூடாது.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019 மே மாதம் என் நிலம் எரிந்தது. போய்ப் பார்த்தபோது நீங்கள் எழுதியிருப்பதையேதான் நானும் நினைத்தேன், ஒன்றும் மிச்சமில்லை என்று. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று ரோட்டை ஒட்டிய நாற்பது சென்ட்டில் ஜேசிபியை இறக்கிவிட்டேன். கரிக்கட்டை, அடிவேர், எறும்புப் புற்று எல்லாவற்றையும் ஒரு பகலில் வழித்து மூலையில் குவித்தார்கள். மீதி நிலத்துக்குக் கையில் பணமில்லை. அந்தப் பணம் இல்லாமல் போனதுதான் மீதி நிலத்தைக் காப்பாற்றியது. இன்றைக்கு அந்த நாற்பது சென்ட்டில் வேலிகாத்தானும் (சீமைக் கருவேல்) கோரையும்தான் நிற்கின்றன. கைவைக்காத பகுதியில் காரை, சூரை, சங்கஞ்செடி, நுணா, களா, ஈச்சை எல்லாம் இடுப்புக்கு மேலே வந்து, வேம்பு என் தலைக்கு மேல் போய்விட்டது. நடுவில் ஒரு வரப்புதான். இந்தப் பக்கம் நின்றால் காடு, அந்தப் பக்கம் நின்றால் பொட்டல்.

எப்படித் திரும்பி வந்தது என்று சொல்கிறேன். தீப்பிடித்துப் பத்தொன்பதாம் நாள் போனேன். அதுவரை ஒரு சொட்டு மழை இல்லை. கருகிய ஈச்சந்தூருக்கு நடுவிலிருந்து விரல் நீளத்துக்குக் குருத்து வெளியே வந்திருந்தது. கரிக்கு நடுவே அந்தப் பச்சை கண்ணைக் கூசியது. பக்கத்தில் தீய்ந்த நுணாக் கட்டை ஒன்று. மண்டியிட்டு அதன் அடியில் இருந்த மணலைக் கையால் தள்ளினேன். மேலே சாம்பல், அதன் கீழ் ஒரு அங்குலத்துக்குக் கருத்த மணல், அதற்கும் கீழே எப்போதும்போல வெளுத்த மணல். வேரை வீட்டுச் சாவியால் சுரண்டினால் மஞ்சள். நுணாவுக்கே உரிய அந்தப் பளிச்சென்ற மஞ்சள், ஈரத்தோடு. சாவியில் அந்தக் கறை இரண்டு நாள் இருந்தது. மண், சூட்டைச் சுலபத்தில் கீழே விடாது. புல்லும் சருகும் எரிந்து ஓடிய தீ என்றால் மேலே பார்ப்பதற்குச் சுடுகாடாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே வேர் பிழைத்துக் கிடக்கும்.

வேர் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் அம்மாக்கள் அரிசிப் பானைக்குள் சிறுவாடு சேர்த்து வைப்பார்கள் இல்லையா, மரமும் அப்படித்தான். நல்ல மழைக் காலத்தில் இலை சமைத்த சர்க்கரையில் கொஞ்சத்தை மாவாக்கி வேரில் ஒதுக்கி வைக்கும். இலையெல்லாம் போன பிறகு மறுபடி துளிர்ப்பது அந்தச் சிறுவாட்டை எடுத்துச் செலவு செய்துதான். இப்போது எங்கள் நிலத்தின் கணக்கைப் பாருங்கள். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. அந்த டிசம்பரில் வர்தா புயல் வந்து இலைகளை உருவிவிட்டுப் போனது. துளிர்க்க ஒரு செலவு. 2018இலும் மழை ஏமாற்றியது. 2019 ஜூனில் புழல், சோழவரம் ஏரிகள் காய்ந்து, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அப்படி மூன்று வருடம் கையிருப்பைத் தின்று முடித்த மரங்களைத்தான் தீ தொட்டது. அதனால்தான் சில துளிர்த்தன, சில துளிர்க்கவில்லை. தீயில் செத்ததென்று நாம் நினைக்கிற பல மரங்கள் வறட்சியில் பாதி செத்தவை. தீ ஒரு நாளில் தெரிந்துவிடும். வறட்சி கொன்றது தெரிய இரண்டு வருடம் ஆகும்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரே ஒரு பெரிய வேலை வருகிறது: முதல் துளிரை ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்வது. முதல் துளிருக்கே கடைசிச் சிறுவாட்டை எடுத்த செடி, அதையும் ஆட்டுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டாவது முறை எழுந்திருக்காது. கம்பி வேலிக்குப் பணம் இல்லையென்றால் கருகிய முள்ளையே வெட்டி ஓரத்தில் அடுக்குங்கள். ஆட்டுக்காரரோடு சண்டை போடாதீர்கள். எங்கள் பக்கத்து ஆட்டுக்காரரிடம் போய் உட்கார்ந்து பேசினேன். மழைக்குப் பிறகு ஓரத்துப் புல்லை அவரே அறுத்துக்கொண்டு போகட்டும், ஆடு மட்டும் உள்ளே வர வேண்டாம் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து என் நிலத்துக்கு அவர்தான் காவல். நான் வாரம் ஒருமுறை கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிறவள், அவர் தினமும் அங்கே இருக்கிறவர்.

எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்க நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சையோ ஈரமான வெளுப்போ இருந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தால் கொஞ்சம் கீழே கீறுங்கள், அதுவும் காய்ந்திருந்தால் தரையை ஒட்டிக் கீறுங்கள். செத்துப்போனது உறுதியென்றாலும் எல்லாவற்றையும் வெட்டி விறகாக்க வேண்டாம். விறகுக்காரர் மகள் சொல்கிறேன். அந்தக் கரிக்கொம்பில்தான் சின்னானும் மைனாவும் வந்து உட்காரும். உட்கார்ந்த இடத்தில் எச்சத்தோடு பழ விதையைப் போடும். என் நிலத்தில் களாக்கன்றுகள் எல்லாம் அப்படி மொட்டைக் கொம்புக்குக் கீழேதான் வந்தன.

சவுக்கைப் பற்றி: அது எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்ட மரம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் எரிந்த இடத்தில் வைக்காதீர்கள். அதன் சருகு தீக்குச்சி பட்டதும் பற்றும். பட்டை மெல்லிசு. ஒருமுறை நன்றாகத் தீப்பட்டால் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. தைல மரத்தின் இலையில் எண்ணெய். ஒரு தீயிலிருந்து எழுந்துகொண்டிருக்கிற நிலத்துக்கு அடுத்த தீக்கான தீனியை ஏன் வைக்க வேண்டும்?

பொங்கல் முடிந்ததும் ரோட்டோரம் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக வைத்துவிடுங்கள். நம் பக்கம் பெரும்பாலும் மனிதர் வைக்கிற தீதான். பீடித்துண்டு, குப்பைக் கொளுத்தல், புதுப்புல்லுக்காகக் காய்ந்த புல்லில் வைக்கிற நெருப்பு. அந்தப் பத்தடி போதும், முக்கால்வாசி அங்கேயே நின்றுவிடும்.

நிலத்தில் ஏழு பனை மரங்கள். அடி முதல் கழுத்து வரை கரியாகிவிட்டன. வெட்டி விற்றுவிடச் சொல்கிறார்கள். பிழைக்குமா?
*திருவொற்றியூர் வாசகர்*

அடிமரம் கருத்ததைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் ஐயா. வேம்புக்கும் புளிக்கும் உயிர் பட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய சுற்றில் ஓடுகிறது. அதைச் சுற்றி வெந்துவிட்டால் மரம் போய்விடும். பனை அப்படியில்லை. அதன் நார் முழுவதும், நடுத்தண்டு வரைக்கும் சாறு போகிற குழாய்கள் சிதறிக் கிடக்கின்றன. வெளியே ஒரு அங்குலம் கரியானால் உள்ளே வேலை நிற்காது. பனையின் உயிர் உச்சியில், குருத்தில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருங்கள். மூன்று நான்கு மாதத்தில் நடுவிலிருந்து விரியாத குருத்தோலை ஈட்டி மாதிரி மேலே வந்தால் அந்த மரம் உங்களை விட்டுப் போகவில்லை. மழைக்காலம் முழுக்கப் பார்த்தும் குருத்து வராமல் கொண்டை சாய்ந்துவிட்டால் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதுகூட சும்மா வெட்ட முடியாது. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. என்னைக் கேட்டால் செத்த பனையையும் நிற்க விடலாம். மொட்டைப் பனைப் பொந்தில் கிளியும் பனங்காடையும் குஞ்சு பொரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தீ குருத்துக்கு ஏறுவது காவோலை வழியாகத்தான். வெட்டாமல் தொங்குகிற காய்ந்த ஓலை, தரையிலிருந்து உச்சிக்கு வைத்த ஏணி மாதிரி. சின்ன மரங்களில் காவோலையை மாசிக்கு முன்னால் கழித்துவிடுங்கள். உயரமான மரத்தில், கொண்டையை ஒட்டித் தொங்குவதை மட்டும் விட்டுவையுங்கள், பனை உழவாரன் குருவி அந்த ஓலையில் எச்சிலால் ஒட்டித்தான் கூடு கட்டும். நெருப்பு எட்டாத உயரத்தில் ஓலை இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று, தரையில் விசிறி மாதிரி இரண்டு ஓலையோடு நின்று கருகிய பனங்கன்றுகளைப் பிடுங்கிவிடாதீர்கள். முளைத்த முதல் சில வருடங்கள் அதன் உயிர்முனை மண்ணுக்கடியில்தான் இருக்கும். மேலே இலை எரிந்தாலும் கீழேயிருந்து வேறு இலை அனுப்பும்.

வேலிகாத்தான் எல்லாம் எரிந்தது, சனியன் விட்டது என்று சந்தோஷப்பட்டோம். மழைக்குப் பிறகு ஒன்று இருந்த இடத்தில் பத்துக் கிளையாக வந்து நிற்கிறது. என்ன செய்வது?
*மணலி வாசகி*

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. 1870களில் விறகுக்கென்று வெளிநாட்டு விதை வாங்கி இந்தியாவில் ஊன்றிய செடி அது. எங்கள் தொட்டியில் கடைசிக் காலத்தில் சவுக்கைவிட அதிகம் விற்றதும் அதுதான். அதன் துளிர்க்கும் மொட்டுகள் தரைக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேருகிற முண்டில் இருக்கின்றன. தீயோ அரிவாளோ மேலே எடுத்தால், கீழே இருக்கிற அத்தனை மொட்டும் ஒன்றாகக் கிளம்பிவிடும்.

தரையோடு வெட்டினால் பயன் இல்லை. மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது கடப்பாரையால் ஒரு அடி ஆழம் தோண்டி, அந்த முண்டுக்குக் கீழே வேரை அறுத்து முண்டோடு வெளியே எடுக்க வேண்டும். கீழே மிச்சமாகிற வேர் திரும்ப முளைக்காது. கன்றாக இருந்தால், பென்சில் கனத்துக்குள் இருக்கும்போதே ஈர மண்ணில் கையால் இழுத்தாலே வரும். அந்த வேலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் முள்ளுக்குச் செருப்பு தடிமனாக இருக்கட்டும். காய் தின்ற ஆடும் மாடும் சாணத்தில் விதையைக் கொண்டுவந்து போடும். மண்ணில் விழுந்த விதை பல வருடம் காத்திருக்கும். ஆகவே இது ஒரு வருட வேலை இல்லை. வருடா வருடம் கார்த்திகையில் ஒரு நடை நடக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுக்க நான் சொல்லமாட்டேன். முதலில் குனிந்து அதன் நிழலைப் பாருங்கள். என் நிலத்தில் மூன்று வேம்பும் ஒரு நாவலும் வேலிகாத்தான் நிழலில்தான் முளைத்திருந்தன. பறவை போட்ட விதை, முள்ளுக்குள் ஆடு போகாததால் பிழைத்திருக்கிறது. அப்படிக் கன்று இருக்கிற இடத்தில் கிளையை மட்டும் கழித்து வெளிச்சம் விட்டு, கன்று ஆள் உயரம் வந்த பிறகு முண்டை எடுத்தேன். ஒன்றும் இல்லாத இடத்தில் உடனே எடுக்கலாம்.

என் மகள் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில், ஊருக்கு வெளியே பெரிய நிலம் வாங்கிக் குடியிருக்கிறாள். 2019 கடைசியில் அங்கே பெரிய காட்டுத்தீ. அப்போது அனுப்பிய படத்தில் கருகிய மரங்களில் அடி முதல் உச்சி வரை பாசி பிடித்த மாதிரி பச்சை. இது நோயா என்று அப்போதே கேட்க நினைத்தேன். போன வருடம் நேரில் போனேன், காடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை ‘இன்னும் திரும்பவில்லை அத்தை’ என்கிறார். எனக்குப் புரியவில்லை.
*எர்ணாவூர் வாசகி*

நோயில்லை அம்மா, அந்த மரத்தின் சாமர்த்தியம். யூகலிப்டஸ், அதாவது நம் தைல மரத்தின் உறவுக்காரர்கள்தான் அங்கே காடு முழுக்க. அந்த மரங்களின் தடித்த பட்டைக்கு உள்ளே, தண்டு நெடுகிலும் தூங்குகிற மொட்டுகள் உண்டு. உச்சியில் இலை இருக்கும்வரை அவை எழுந்திருக்காது. உச்சி எரிந்து போனதும் எல்லாம் ஒரே சமயத்தில் பட்டையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதனால்தான் தண்டே பச்சை ரோமம் முளைத்த மாதிரி இருந்திருக்கிறது. இன்னும் சில வகைகள் தரைக்கடியில் கிழங்கு மாதிரி ஒரு முண்டு வைத்திருக்கின்றன, அதிலிருந்து துளிர்க்கும். பேங்ஸியா என்று ஒரு இனம், விதையைக் கட்டை மாதிரிக் காய்க்குள் பூட்டி வைத்திருக்கும். அதில் பலவகை தீயின் சூடு பட்டால்தான் காயைத் திறக்கும். மகளிடம் கேளுங்கள், அவர்கள் நிலத்தில் இருந்தால் காட்டுவாள்.

அங்கேயும் தீக்கு முன்னால் வறட்சிதான். ஆஸ்திரேலியாவில் பதிவு வைக்க ஆரம்பித்ததிலிருந்து மிக வெப்பமான, மிக வறண்ட ஆண்டு 2019. மழை இல்லாமல் மூன்று வருடம் காய்ந்த காடு அது. வழக்கமாக ஈரத்தோடு இருந்து தீயைத் தடுக்கிற மழைக்காட்டுப் பள்ளத்தாக்குகள்கூட அந்த முறை எரிந்தன. 2020 பிப்ரவரியில் பெருமழை வந்துதான் பல இடங்களில் நெருப்பு அணைந்தது.

மாப்பிள்ளை சொல்வது சரி. நீங்கள் பார்த்த பச்சையில் பெரும்பகுதி வாட்டில் என்கிற வேல இனமாக இருக்கக்கூடும். வருடக்கணக்காக மண்ணில் கிடந்த விதை, சூட்டில் ஓடு விரிந்து கூட்டமாக முளைக்கும். மண்ணுக்குத் தழைச்சத்துச் சேர்க்கும். நல்ல வேலைக்காரர்கள், ஆனால் பழைய காடு அதுவல்ல. பெரிய யூகலிப்டஸ் மரத்தில் ஒரு நல்ல பொந்து உண்டாக நூறு வருடத்துக்கு மேல் ஆகும். அந்தப் பொந்தில்தான் அங்கத்துக் கிளிகள், மரத்துக்கு மரம் பறந்து தாவுகிற சின்ன மிருகங்கள், ஆந்தை எல்லாம் வாழ்கின்றன. பொந்து மரம் எரிந்து விழுந்தால், இலை ஆறு மாதத்தில் வரும், பொந்து பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளைக்குத்தான் வரும். அடுத்த முறை போகும்போது மாப்பிள்ளையோடு நடந்து, மிச்சமிருக்கிற பழைய பொந்து மரம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். செத்து நின்றாலும் அதை வெட்டாமல் இருக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். அங்கத்துப் பூர்வகுடி மக்கள் குளிர்ந்த பருவத்தில் சின்னச் சின்னதாகத் தீ வைத்துக் காட்டைப் பராமரித்து வந்தவர்கள். அந்த அறிவை இப்போது மறுபடி மதித்துக் கற்கிறார்கள். மகள் அதைச் சொல்லியிருக்கலாம். அதைக் கேட்டுவிட்டு நம் பக்கத்து நிலத்தில் யாரும் நெருப்பு வைத்துவிட வேண்டாம். தீயோடு பல லட்சம் வருடம் பழகிய மரங்கள் அவை. நம் சோழமண்டலக் கரையின் வீரையும் பாலையும் அப்படிப் பழகியவை அல்ல. தீ திரும்பத் திரும்ப வந்தால் நமக்கு மிஞ்சுவது புல்லும் முள்ளும்தான்.

எரிந்த சாம்பலை வாரி வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவரலாமா?
*ராயபுரம் வாசகர்*

வேண்டாம். அந்தச் சாம்பல்தான் அந்த மண்ணுக்குக் கிடைத்த சாம்பல்சத்து. கடற்கரை மணலில் அது முதல் மழையிலேயே கரைந்து இறங்கிவிடும். அடித்துக்கொண்டு போகாமலிருக்கச் சரிவுக்குக் குறுக்கே கருகிய கிளைகளைக் கிடத்தி வையுங்கள். கட்டை குவிந்து எரிந்த இடத்தில் மட்டும் சாம்பல் கருப்பாக இல்லாமல் வெளுப்பாக இருக்கும். அங்கே சூடு ஆழமாக இறங்கியிருக்கிறது, அந்தத் திட்டில் லேசில் எதுவும் முளைக்காது. அங்கே மட்டும் பக்கத்து மண்ணையும் சருகையும் கொஞ்சம் தூவிவிடலாம்.

ஏழாம் வகுப்பு படிக்கிறேன் ஆன்ட்டி. தீப்பிடித்தால் பாம்பு, உடும்பு, முயல் எல்லாம் செத்துவிடுமா?
*காசிமேட்டிலிருந்து ஒரு மாணவி*

சில செத்துவிடும் கண்ணு. மெதுவாகப் போகிறவையும், கூட்டில் இருக்கிற குஞ்சுகளும் தப்பிக்க முடியாது. அதனால்தான் தீ வைக்கக் கூடாது என்று இவ்வளவு சொல்கிறோம். ஆனால் நிறைய தப்பித்தும்விடும். எங்கள் நிலத்துக்குப் பக்கத்து ஊரில் இருளர் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தீப்பிடித்த மறுவாரம் அவர் என்னைக் கூட்டிப்போய்க் கரையான் புற்றுகளைக் காட்டினார். ஒவ்வொரு புற்று வாயிலும் சாம்பல் மேல் வழவழவென்று கோடு. பாம்பு உள்ளே போயிருந்து, சூடு ஆறியதும் வெளியே வந்த தடம். இன்னொரு புற்றுக்கு முன்னால் நகக்கீறலும் வால் இழுத்த கோடும் இருந்தது, அது உடும்பு என்றார். ஜேசிபி வழித்த இடத்தில் அந்தப் புற்றுகளும் போய்விட்டன என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். இன்றுவரை அது மனதை அறுக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். கருகின தரையில் நடக்கும்போது ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். காலுக்கு இரண்டடி முன்னால் நாலு முட்டை. கூடு எதுவும் இல்லை, சாம்பலில் லேசாகக் குழித்து வைத்திருந்தது. முட்டை மேல் கருப்புப் புள்ளிகள் இருந்ததால் கரித்துண்டோடு கலந்து கண்ணுக்கே தெரியவில்லை. வெட்டவெளியில்தான் அது முட்டையிடும், புதர் இல்லாத இடம் அதற்குக் கிடைத்துவிட்டது. நாங்கள் வந்த வழியிலேயே திரும்பிவிட்டோம். நீயும் எரிந்த இடத்துக்குப் போனால் தரையைப் பார்த்து நட.

வியாசர்பாடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நாங்கள் நாலு நண்பர்கள் சேர்ந்து கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஏக்கர் வாங்கியிருக்கிறோம். போன வருடம் எரிந்த இடம். விதைப்பந்து வீசலாமா? என்ன மரம் நடலாம்?
*வியாசர்பாடி வாசகர்*

தம்பி, நாலு பேரும் நிலத்தை மனையாக்காமல் மரத்துக்கென்று வாங்கியிருக்கிறீர்கள் என்பதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விதைப்பந்து கோடையில் வீசினால் எறும்புக்கும் எலிக்கும் போகும். அந்த உழைப்பைப் பனங்கொட்டையில் போடுங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது பொறுக்கி, நிலத்தின் ஓரம் முழுக்கப் பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்துவிடுங்கள். அதற்குத் தண்ணீரும் வேண்டாம், வேலியும் வேண்டாம்.

மரம் நடுவதற்கு முன்னால் ஒரு வருடம் தானாக என்ன வருகிறது என்று பாருங்கள். வருகிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி வையுங்கள், கால் படாமலிருக்கும். எங்கே எதுவும் வரவில்லையோ அங்கே மட்டும் நடுங்கள். புங்கன், பூவரசு, நாவல், வேம்பு இவை சீக்கிரம் நிழல் தரும். அந்த நிழலுக்குள் வீரை, பாலை, காயா போன்ற நம் பழைய காட்டு மரங்களை வையுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே வேதாரண்யம் வரைக்கும் இந்தக் கரையோரம் இருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள் அவை. இப்போது கோயில் காடுகளிலும், கிண்டி தேசியப் பூங்காவிலும், ராக்கெட் தளத்தின் காவலுக்குள் இருக்கிற ஸ்ரீஹரிகோட்டா தீவிலும் திட்டுத் திட்டாக மிச்சமிருக்கின்றன. மெதுவாக வளரும். ஐந்து வருடத்தில் உங்கள் இடுப்புக்கு வந்தாலே பெரிது. 1968இல் ஆரோவில் ஆரம்பித்தபோது அது மழை அரித்த செம்மண் மேடு. இந்த மரங்களை வைத்துத்தான் இன்றைக்கு அங்கே பல இடங்களில் காடாக்கியிருக்கிறார்கள். ஒருமுறை நாலு பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வீரையில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. ஒன்றிரண்டு வைத்தால் பழம் கிடைக்காமல் போகலாம், குறைந்தது ஏழெட்டு வையுங்கள். புரட்டாசி கடைசியில் குழி எடுத்து, முதல் மழையோடு நடுங்கள். முதல் கோடைக்கு மட்டும் கன்றுக்கு வாரம் ஒரு குடம், அதுவும் சாயங்காலம். என் வீட்டு மாடியில் போன வருடம் விதை போட்ட வீரைக் கன்றுகள் இருக்கின்றன. ஆவணி பிறந்ததும் இதழ் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள், பத்துக் கன்று உங்களுக்கென்று எடுத்து வைக்கிறேன்.